அன்னையின் அடுக்களையில் கற்ற அறம்

(வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நன்னாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தன்னலம் துறத்தல் என்பது மேடைகளில் மிக எளிதாக வழங்கிவரும் சொல். கொடை வழங்கியோரைப் பாராட்டும்போதும், ஓய்வு பெறுவோரை வழியனுப்பும்போதும், மறைந்தோரை நினைவுகூரும்போதும் அச்சொல் தவறாமல் வந்து நிற்கும். ஆனால் அதன் உரைகல் மேடையில் இல்லை. வீட்டின் அடுக்களையில் இருக்கிறது. தாய் ஒருத்தி தன் மகனின் இலையில் எதைப் பரிமாறுகிறாள், தன் வீட்டில் தங்கி உண்ணும் அயலார் மகனின் இலையில் எதைப் பரிமாறுகிறாள் என்று பார்த்தால் அங்கே தன்னலத்தின் அளவு தெரிந்துவிடும். பேருரைகள் மறைக்கக்கூடிய ஒன்றை ஓர் அகப்பைச் சோறு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அப்படி ஓர் அடுக்களையில் தம் வாழ்வின் முதற்பாடத்தைக் கற்றவர் ஆச்சாரிய வினோபா பாவே. பூமிதான இயக்கத்தின் தந்தை என்றும், அண்ணல் காந்தியடிகளின் ஆன்மிக வாரிசு என்றும் நாடு அவரை அறியும். வடமொழியும் வேதமும் உபநிடதமும் கற்றவர். குர்ஆனை அரபு மொழியிலேயே பயின்றவர். இந்திய மொழிகள் பலவற்றோடு தமிழும் பழகியவர். இத்துணைக் கல்வியும் உடைய அவர், தம் மனத்தை உருவாக்குவதில் அன்னைக்கு ஈடாக வேறொருவர் இல்லை என்றே தம் வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். அந்த அன்னை ருக்மிணி பாய், பள்ளிப்படிப்பு எனச் சொல்லத்தக்கது எதுவும் இல்லாதவர்.

வினோபா பிறந்தது 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், மராட்டிய நாட்டின் கொங்கணப் பகுதியில் உள்ள காகோதே என்னும் சிற்றூரில். விநாயகர் என்பது பெற்றோர் இட்ட பெயர். அன்னை அழைத்ததோ ‘வின்யா’ என்று. தந்தை நரஹரி பாவே பரோடாவில் பணியாற்றினார். சாயத்தொழிலிலும் நெசவிலும் ஈடுபாடு மிக்கவர். எதையும் எண்ணி, அளந்து, காரணம் கண்டு செய்யும் அறிவியல் மனம் படைத்தவர். அன்னை கருநாடகப் பகுதியிலிருந்து மணமாகி வந்தவர். வினோபாவுக்குப் பத்து வயது ஆகுமளவும் காகோதேயிலும், பின்னர் பரோடாவிலும் குடும்பம் வாழ்ந்தது.

காகோதே வீட்டு முற்றத்தில் பலாமரம் ஒன்று இருந்தது. காய் பிடித்த நாள் முதலாக, பழம் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான் சிறுவன் வின்யா. பழம் பழுத்து வீட்டுக்குள் வந்ததும் அன்னை அதை அறுப்பார். இலைகளைத் தொன்னைகளாக்கிச் சுளைகளை நிரப்புவார். அண்டை வீடுகள் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவரச் சொல்லி மகன் கையிலேயே தருவார். எல்லா வீட்டுக்கும் கொடுத்துத் திரும்பிய பிறகே பிள்ளைகள் அமர்ந்து உண்ணலாம். கொடுப்பவன் தேவனாகிறான், தனக்கென்று வைத்துக்கொள்பவன் அரக்கனாகிறான் என்னும் கருத்தை மராட்டிய வழக்கில் அவர் சொல்லிக் காட்டுவாராம். அச்சொல்லைவிட அச்செயலின் வரிசையே இங்குக் கருதத்தக்கது. உண்டு மீந்ததைக் கொடுப்பது ஒன்று. கொடுத்து மீந்ததை உண்பது வேறொன்று. சுளையின் மணத்தை மூக்கு அறிய, நாவில் நீர் ஊற, தொன்னையோடு தெருவில் நடந்த அச்சிறுவனின் கால்களுக்கு அவ்வேறுபாடு விளங்கியிருக்கும்.

துளசிக்கு நீர் வார்த்தாயா என்று கேட்காமல் அந்த வீட்டில் அவனுக்கு உணவு இடப்பட்டதில்லை. வார்க்கவில்லை என்றால் வார்த்துவிட்டு வரவேண்டும், பிறகுதான் இலை. அன்னை தமக்குச் செய்த நன்மைகள் பலவற்றுள்ளும் இப்பழக்கத்தை மிகப் பெரியதாக வினோபா எண்ணினார் என்பதைக் கேட்கும்போது சிலருக்கு வியப்புத் தோன்றலாம். வாய் பேசாத, வேண்டும் என்று கேட்க இயலாத ஓர் உயிருக்கும் தன் பசிக்கு முன்னால் இடம் தரவேண்டும் என்பதை ஐந்தாறு வயதில் கற்ற பிள்ளைக்கு, ஓரறிவுயிருக்கும் அருள் செய்க என்னும் சமண நெறியைப் பின்னாளில் தனியாக எடுத்து விளக்க வேண்டிய தேவை இராது.

பிறிதொரு நிகழ்ச்சி. அண்டை வீட்டு அம்மையார் நோயுற்றாலோ, தாய்வீடு சென்றாலோ அக்குடும்பத்தினருக்குச் சமைத்துத் தரும் பொறுப்பை ருக்மிணி பாய் தாமே ஏற்றுக்கொள்வார். முதலில் தம் வீட்டுச் சமையலை முடிப்பார்; பிறகே அங்குச் செல்வார். இதைக் கவனித்த மகன், நம் வீட்டு வேலையை முதலில் முடித்துக்கொண்டு பிறர் வீட்டு வேலையைப் பின்னால் வைப்பது தன்னலம் அல்லவா என்று குறும்பாகக் கேட்டான். அன்னை சிரித்தார். அவர்கள் வீட்டில் முதலில் சமைத்துவிட்டால் அவர்கள் உண்ணும் வேளையில் சோறு ஆறிப் போகும். அவர்களுக்குச் சூடாகக் கிடைக்கட்டும் என்றுதான் பின்னால் செல்கிறேன், ஆறியது நமக்கு இருக்கட்டும் என்பது அவர் கூறிய விளக்கம். உதவி செய்வோர் பலர் உண்டு. உதவி பெறுவோர் எந்த நேரத்தில் உண்பர் என்பது வரை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

வாயிலுக்கு வந்து இரப்பவரை அன்னை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒருநாள் வந்தவர் நல்ல உடற்கட்டு உடையவர். உழைத்துப் பிழைக்கக்கூடியவருக்கு இடுவது சோம்பலை வளர்ப்பதாகும் என்றான் மகன். இடம், காலம், தகுதி அறிந்து கொடுப்பதே சிறந்த கொடை என்று கீதையிலிருந்தும் சான்று காட்டினான். அன்னை பொறுமையாகக் கேட்டார். தகுதி உடையவர் இவர், இல்லாதவர் இவர் என்று தீர்ப்பளிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? வாயிலில் வந்து நிற்பவரைக் கடவுளாகக் கருதி நம்மால் இயன்றதை இடுவதே நம் செயல் என்பது அவருடைய மறுமொழியின் சாரம். அதற்கு எதிர்வாதம் தமக்கு இன்றளவும் கிடைக்கவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து வினோபா கூறினார். ஆயினும் பின்னாளில் உழைப்பை அறத்தின் முதற்படியாக வைத்தவரும் அவரேதான். அன்னையின் இரக்கத்தையும் தம் வாதத்தையும் ஒருங்கே மதித்த அவர், இரண்டில் ஒன்றைக் கைவிட்டுத் தம் மனத்துக்கு எளிய வழி தேடவில்லை.

இனி, இவ்வுரையின் உயிர்நிலையான நிகழ்ச்சிக்கு வரலாம்.

பாவே குடும்பத்தில் ஏழை மாணவர் யாரேனும் ஒருவர் தங்கிப் படிப்பது வழக்கம். உண்ணும் வேளையில் முதல்நாள் மீந்த உணவு சிறிது இருந்தால், அன்னை அதைத் தாம் உண்பார். அளவு மிகுதியாக இருந்தால் மகனுக்கு இடுவார். அந்த மாணவருக்கு மட்டும் பழையதை ஒருபோதும் இட்டதில்லை. அவருக்கு எப்போதும் புதிதாகச் சமைத்த சூடான உணவுதான். நாள்தோறும் இதைக் கண்ட வின்யா ஒருநாள் அன்னையை மடக்கினான். எல்லாரையும் சமமாக எண்ணவேண்டும் என்று எனக்குச் சொல்கிறீர்களே, எனக்குப் பழையதும் அவனுக்குப் புதியதும் இடுவது என்ன சமம்? உங்களிடமும் வேற்றுமை இருக்கிறதே என்றான்.

இக்கேள்விக்குத் தாய்மார் பலரும் கூறக்கூடிய விடைகள் உண்டு. அவன் விருந்தினன் என்று சொல்லியிருக்கலாம். நீ என் பிள்ளை, எதை இட்டாலும் பொறுத்துக்கொள்வாய் என்று கொஞ்சியிருக்கலாம். விட்டுக்கொடுக்கப் பழகு என்று அறிவுரையும் தந்திருக்கலாம். இவற்றுள் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் உயர்ந்த தாயாகவே காட்சி தந்திருப்பார். ஆனால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீ சொல்வது சரிதான், என்னிடம் வேற்றுமை இருக்கத்தான் செய்கிறது; உன்னைப் பார்க்கும்போது என் மகனாகத் தெரிகிறாய், அவனைப் பார்க்கும்போது இறைவனாகத் தெரிகிறான்; உன்மேல் எனக்கு இன்னும் பற்று இருக்கிறது; உன்னையும் இறைவனாகவே காணும் நாள் வந்தால் இந்த வேற்றுமை தானே மறைந்துவிடும் என்றார்.

அவையோர் இவ்விடையைச் சற்று நிறுத்தி எண்ணவேண்டும். உலக வழக்கில் பற்று என்பது தன் பிள்ளைக்கு மிகுதியாகத் தருவதில் வெளிப்படும். இங்கோ, தன் பிள்ளைக்குக் குறைவாகத் தந்த தாய், அச்செயலிலும் பற்று ஒளிந்திருப்பதைக் கண்டார். மகனுக்குப் பழையதை இடும் உரிமை எங்கிருந்து வந்தது? அவன் ‘என்னுடையவன்’ என்ற எண்ணத்திலிருந்து வந்தது. தனக்குரிய பொருளை எவ்வாறும் பயன்படுத்தலாம் என்பதுபோல, தனக்குரிய மகனிடம் எவ்வாறும் நடக்கலாம் என்னும் உரிமை அது. சமண நூல்கள் அகங்காரத்தோடு சேர்த்து மமகாரம் என்று ஒன்றைக் கூறும். ‘எனது’ என்னும் எண்ணமே மமகாரம். தத்துவார்த்த சூத்திரமும் பரிக்கிரகம் என்பதற்குப் பொருட்குவியல் என்று பொருள் கூறவில்லை. பொருளின்மேல் உயிர் கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்று வரையறுத்தது. உமாசுவாதி முனிவரின் அந்நூலைக் கண்ணாலும் கண்டிராத ஒரு பெண்மணி, பழைய சோற்றை முன்னிட்டுத் தம் உள்ளத்தில் அம்மயக்கத்தைக் கண்டுகொண்டார். கண்டதைப் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் மறைக்காமல் சொன்னார்.

பெற்றோர் பிள்ளைகளுக்குத் தம் நிறைகளைக் காட்டவே விரும்புவர். அது இயல்பு. ஆனால் முழுமையாக நிறைந்த ஒருவரைப் பிள்ளை வணங்கலாம், பின்பற்ற அஞ்சும். தாம் செல்லவேண்டிய தொலைவு இன்னும் இருக்கிறது என்று சொல்லும் தாயின் பின்னால் நடப்பது எளிது. வினோபா தம் வாழ்நாள் முழுவதும் தம்மைச் சாதகர் என்றே, முயற்சியில் இருப்பவர் என்றே கருதினார். அப்பணிவு எங்கிருந்து வந்தது என்று தேடுவோர் பரோடா வீட்டு அடுக்களைக்குத்தான் செல்லவேண்டும்.

தந்தையின் பங்கைக் குறைத்துச் சொல்லுதல் நேர்மையாகாது. அன்னை ஒருமுறை இலட்சம் அரிசி மணிகளை இறைவனுக்குச் சார்த்துவதாக நோன்பு கொண்டு, நாள்தோறும் மணிமணியாக எண்ணிக்கொண்டிருந்தார். அதைக் கண்ட தந்தை, ஒரு தோலா அரிசியை எண்ணிப் பார்த்து, அந்த அளவால் மொத்தத்தையும் நிறுத்துவிடலாமே, குறைந்துவிடும் என்ற ஐயம் இருந்தால் சிறிது கூட்டிப் போடலாமே என்றார். கணக்கு முற்றிலும் சரி. அன்னைக்கு விடை கூறத் தெரியவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை. மாலையில் மகனிடம் கேட்டார். இது கணக்கு அன்று, ஒவ்வொரு மணியை எடுக்கும்போதும் மனம் இறைவன்பால் செல்கிறதே, அதற்காகத்தான் எண்ணுவது என்றான் மகன். அன்னை மகிழ்ந்தார். இருவரிடமிருந்தும் பெற்றவர் வினோபா. பிற்காலத்தில் நூற்ற நூலின் இழைகளையும் நடந்த தொலைவையும் கணக்கு வைத்தது தந்தையின் மகன். அந்த எண்ணிக்கைக்குள் வழிபாட்டைக் கண்டது அன்னையின் மகன்.

இளமையில் வின்யா செருப்பணியாமல் நடந்தும், பாயின்றித் தரையில் படுத்தும் துறவு பழகினான். அதைப் பார்த்த அன்னை, நீ துறவியாக வெகுவாக விளையாடுகிறாய், நான் ஆணாகப் பிறந்திருந்தால் மெய்யான துறவு எப்படி இருக்கும் என்று காட்டியிருப்பேன் என்றாராம். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட சொல்தான். ஆனால் அதனுள் ஒரு தலைமுறைப் பெண்களின் ஏக்கம் அடங்கியிருக்கிறது. வீட்டைத் துறந்து செல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை; வீட்டுக்குள் இருந்துகொண்டே துறக்கும் கடினமான வழி ஒன்றே இருந்தது. துறந்தார் பெருமையை விரித்துப் பேசும் அவைகளில் இவர்களுக்கும் ஓர் இருக்கை இடவேண்டும்.

தாம் பெற்ற கல்விச் சான்றிதழ்களை மகன் அடுப்பில் இட்டு எரித்தபோது, வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும் என்று மட்டும் அன்னை கேட்டார். 1916ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் பம்பாயில் தேர்வு எழுதப் புறப்பட்ட மகன், வழியில் சூரத்தில் இறங்கிக் காசிக்குச் செல்லும் வண்டியில் ஏறிவிட்டார். அவ்வாண்டு சூன் 7ஆம் நாள் அகமதாபாத்தில் காந்தியடிகளைச் சந்தித்து அங்கேயே தங்கினார். பின்னர்த் தம்பியர் பாலகிருஷ்ணரும் சிவாஜியும் அதே வழியில் வந்தனர். மூன்று ஆண்மக்களும் இல்லறம் ஏற்காமல் பொதுவாழ்வுக்குச் சென்ற வீட்டில் அந்தத் தாயின் தனிமை எப்படி இருந்திருக்கும் என்பதையும் எண்ணாமல், இவ்வரலாற்றைப் புகழ்ந்து மட்டும் பேசுவது முறையாகாது. தன்னலம் துறப்பவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கை அவரைச் சார்ந்தவர்களும் கொடுக்கிறார்கள்.

1918, விஷக்காய்ச்சல் நாடெங்கும் பரவி உயிர்களைக் கொள்ளை கொண்ட ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் ருக்மிணி பாய் மறைந்தார். நாற்பத்திரண்டு அகவையே ஆகியிருந்தது. காந்தியடிகள் சொல்ல, மகன் ஆசிரமத்திலிருந்து வந்து அருகில் இருந்தார். ஈமச் சடங்குகளைப் புரோகிதரைக் கொண்டு செய்வதில் உடன்பாடு இல்லாததால் சுடுகாட்டுக்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்து மறைநூல் ஓதினார். அன்னையின் நினைவாக ஒரு புடவையை எடுத்துவந்து தலைக்கு வைத்துப் படுத்துவந்தார். கதர் அன்றி வேறு துணி பயன்படுத்துவதில்லை என்று நோன்பு ஏற்றபோது, அப்புடவை கதர் அன்று என்பதால் அதையும் சபர்மதி ஆற்றில் விட்டுவிட்டார். இதைப் படிப்போர் சிலர், இத்துணைக் கடுமை வேண்டுமா என்று வினவக்கூடும். வேண்டியதில்லை என்று கருதுவோரும் தவறாகக் கருதவில்லை. ஆனால், உன்மேல் எனக்கு இன்னும் பற்று இருக்கிறது என்று சொன்ன அன்னைக்கு மகன் அளித்த மறுமொழியாக அதனைக் கொள்ளவும் இடமுண்டு.

அன்னை கேட்டு, அவர் வாழ்நாளில் நிறைவேறாமற்போன ஒன்று இருந்தது. கோவிலில் கீதை விரிவுரை கேட்டுவந்த அவருக்கு வடமொழி விளங்கவில்லை. எளிய மராட்டியில் ஒன்று வேண்டும் என்றார். மகன் தேடிக் கொடுத்த மொழிபெயர்ப்பும் கடினமாகவே இருந்தது. நீயே செய்யலாமே என்றார். 1930ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வினோபா அதை முடித்தார். அன்னை மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. கீதை என்பதோடு ‘ஆயி’ என்னும் மராட்டியச் சொல்லைச் சேர்த்துக் ‘கீதாயி’ என்று பெயரிட்டார். ஆயி என்றால் அன்னை. ஒரு தாய்க்கு விளங்கும்படி எழுதப்பட்டதால் எல்லாத் தாய்மார்க்கும் விளங்கியது. மராட்டிய நாட்டின் இல்லங்களில் அது பல இலட்சம் படிகளாகப் பரவியது.

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், நிலத்தகராறும் ஆயுதப் போராட்டமும் மிகுந்திருந்த தெலங்கானாவில், நல்கொண்டா மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு வினோபா நடந்து வந்து சேர்ந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் நாற்பது குடும்பத்தினர், உழுது பிழைக்க எண்பது ஏக்கர் நிலம் கிடைத்தால் போதும் என்றனர். அரசுக்கு எழுதலாமா என்று எண்ணியவர், கூடியிருந்த ஊராரிடமே கேட்டார். இராமச்சந்திர ரெட்டி என்னும் நிலக்கிழார் எழுந்து நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார். அன்று தொடங்கிய நடை பதின்மூன்று ஆண்டுகள் நாடெங்கும் தொடர்ந்தது.

அந்நடையில் அவர் நிலக்கிழார்களிடம் கேட்ட முறை கருதத்தக்கது. ஏழைக்கு இரங்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்கு ஐந்து ஆண்மக்கள் இருந்தால் என்னை ஆறாவது மகனாக எண்ணி என் பங்கைத் தாருங்கள், நிலமற்றவர்களின் சார்பில் நான் அந்த மகன் என்றார். ஆறில் ஒரு பங்கு என்னும் கணக்கு அப்படி வந்தது. தானம் என்னும் சொல்லுக்கும் இரக்கப்பட்டு இடுவது என்று அவர் பொருள்கொள்ளவில்லை. உரியவரோடு ஒப்பப் பகிர்ந்துகொள்வது என்றே பொருள்கொண்டார்.

அன்னையின் அடுக்களைச் சொல் இங்கே உருமாறி வந்திருப்பதைக் காணலாம். அயலார் மகன் இறைவனாகத் தெரிகிறான், தன் மகன் மகனாகவே தெரிகிறான் என்பது அன்னையின் குறை. மகனையும் இறைவனாகக் காண்பது அவர் நாடிய நிலை. அது மிக உயரமான படி; நிலக்கிழார்கள் எல்லாரையும் அங்கே ஏறி வாருங்கள் என்று அழைக்க இயலாது. ஆகவே வினோபா கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார். மகன்மேல் உள்ள பற்றைத் துறக்கச் சொல்லவில்லை. அயலானையும் மகனாகக் கொள்ளச் சொன்னார். பற்றை அறுப்பது அரிது, அதன் எல்லையை விரிப்பது இயலக்கூடியது என்று அவர் கண்டார்.

விளைவு என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் நாடியது ஐந்து கோடி ஏக்கர். கிடைத்தது நாற்பது இலட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். அதிலும் கணிசமான நிலம் கல்லும் முள்ளுமாகப் பயிருக்கு ஆகாதது; சில வழக்கில் சிக்கியவை; மேடையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர்க் கைமாற்றாதவர்களும் உண்டு. தம் வயலில் விளையாத மூலையை ஆறாவது மகனுக்கு ஒதுக்கிய அந்நிலக்கிழார்கள், ஒருவகையில் பழையதைப் பரிமாறியவர்களே. ஆனால் ருக்மிணி பாயைப்போலத் தம் பிள்ளைக்கு அல்லாமல், வந்தவனுக்குப் பரிமாறினார்கள். எனினும், சட்டத்தின் கட்டளையோ படையின் அச்சமோ இன்றி, ஒரு முதியவரின் சொல்லுக்காக இத்துணை நிலம் கைமாறியது உலக வரலாற்றில் அரிய செய்தி. உழுவதற்கு ஒரு துண்டு நிலம் பெற்ற குடும்பத்துக்கு இயக்கத்தின் மொத்த வெற்றி தோல்விக் கணக்கு பொருட்டன்று.

தமிழ்நாட்டுக்கு அவர் 1956ஆம் ஆண்டு வந்தார். அவ்வாண்டு காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு கூடியது. மதுரை மாவட்டத்துச் சிற்றூர்கள் பல கிராமதானமாயின. அவ்வாண்டு நவம்பரில் பழனியில் எடுக்கப்பட்ட முடிவு, அறப்பணி அமைப்புகளை நடத்துவோர் யாவரும் அறியவேண்டிய ஒன்று. இயக்கம் வலுப்பெற்று, மாநிலந்தோறும் பூமிதானக் குழுக்கள் அமைந்து, காந்தி நினைவு நிதியிலிருந்து பணமும் வந்துகொண்டிருந்த வேளை அது. அக்குழுக்கள் அனைத்தையும் கலைத்துவிடுவது என்றும், நிதியுதவியை இனிப் பெறுவதில்லை என்றும் பழனியில் முடிவாயிற்று. தனிமனிதர் தம் பொருளைத் துறப்பது கேள்விப்பட்டதே. ஓர் இயக்கம் தன் கட்டமைப்பையும் பணத்தையும் தானே துறந்தது புதிது. அதனால் பணி தளர்ந்தது என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர். அக்குறையில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வினோபாவின் கண் வேறோர் இடத்தில் இருந்தது. ‘என் நிலம்’ என்பது போய் ‘என் இயக்கம்’ என்பது அவ்விடத்தில் வந்து அமர்ந்தால், பற்று இடம் மாறியதே அன்றி ஒழியவில்லை. அறக்கட்டளைகளிலும் சங்கங்களிலும் நாற்பது ஆண்டு உழைத்தவர்களும் தவறிவிழும் இடம் அது.

மகாவீரரின் பெயரோடு வினோபாவின் பெயர் இணையும் செயல் ஒன்றும் உண்டு. பௌத்தருக்குத் தம்மபதம்போலச் சமணருக்கும் எல்லாப் பிரிவினரும் ஏற்கும் ஒரு நூல் வேண்டும் என்று அவர் நெடுங்காலம் கேட்டுவந்தார். மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி ஜினேந்திர வர்ணி அவர்கள் ஆகமங்களிலிருந்து தொகுக்க, 1974ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தில்லியில் திகம்பரர், சுவேதாம்பரர், தானகவாசி, தேராபந்தி ஆகிய நான்கு பிரிவைச் சேர்ந்த முனிவர்களும் அறிஞர்களும் ஒருங்கே அமர்ந்து அத்தொகுப்பை ஏற்றனர். 756 காதைகள் கொண்ட அந்நூலின் பெயர் ‘சமண சுத்தம்’. பிராகிருதத்தில் சுத்தம் என்பது சூத்திரத்தைக் குறிக்கும்; தமிழில் தூய்மை என்று பொருள்படுவதும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. நூற்றாண்டுகளாகத் தனித்தனியே நின்ற பிரிவினர், எங்கள் பாடமே பாடம் என்னும் பிடியைச் சிறிது தளர்த்தினால்தான் அவ்வேடு உருவாக முடியும். நிலத்தைப் பகிர்வதினும் அது கடினம். கீதைக்கு அடுத்தபடியாகத் தம் உள்ளத்தில் மகாவீரரே ஆழமாகப் பதிந்தவர் என்று வினோபா கூறியதும், எதிலும் பிடிவாதம் கொள்ளாமல் உண்மை எங்கிருந்து வந்தாலும் ஏற்கும் அந்நெறியைக் கருதியே.

1970 முதல் அவர் வார்தாவை அடுத்த பவுனாரில், தாம் ஆற்றங்கரையில் உள்ள ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். 1982ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் நெஞ்சுநோய் கண்டது. மருத்துவர்கள் முயன்றனர், உடல் சிறிது தேறவும் செய்தது. அந்நிலையில் உணவையும் நீரையும் மருந்தையும் அவர் நிறுத்திக்கொண்டார். நாட்டின் பெரியோர் பலர் வேண்டியும் மனம் மாறவில்லை. சமணர் போற்றும் சல்லேகனையை ஒத்த அமைதியோடு, நவம்பர் 15ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, அவர் உயிர் பிரிந்தது. பாவாபுரியில் வர்த்தமானர் வீடுபேறு எய்திய நாளும் அதுவே. அப்போது வினோபாவுக்கு அகவை எண்பத்தேழு.

பவுனாரில் அவர் 1959ஆம் ஆண்டு தொடங்கிய பிரம்ம வித்யா மந்திர் இருக்கிறது. ஆன்மிக வாழ்வு நாடும் பெண்களுக்கென்றே அமைக்கப்பட்ட இல்லம் அது. ஆணாகப் பிறந்திருந்தால் துறவு எப்படி இருக்கும் என்று காட்டியிருப்பேன் என்று அன்னை சொன்ன சொல்லை மகன் மறக்கவில்லை போலும். அங்கே தலைவி என்று ஒருவரும் இல்லை. முடிவுகள் யாவும் அனைவரின் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. ஏவலாளரும் இல்லை. நிலத்தில் பயிரிடுவது, இதழ் நடத்துவது, பெருக்குவது, சமைப்பது, வந்தவர்க்கு உணவு பரிமாறுவது எல்லாவற்றையும் அப்பெண்களே செய்கின்றனர்.